'செம ப்ரோ'வும் 'கிளாரிட்டி இல்ல'யும்: படத்துக்குக் கருத்துக் கேட்பதும் சொல்வதும்

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது 'என் படம் நல்லா இருக்கா?' என்பதுதான். எழுதியதை முழுக்கப் படித்தால் கேள்வி வேறு. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவை அவரிடம் கேட்டுப் படம் எடுத்திருக்கிறீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் 'செம ப்ரோ', 'வேற லெவல்' என்று வரிசையாக வந்திருக்கிறது. ஒருவர் மட்டும் 'கிளாரிட்டி இல்ல, கம்போசிஷன் வீக்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பாராட்டிலிருந்தும் ஒன்றும் கற்க முடியவில்லை, அந்த ஒரு வரியும் என்னவென்று புரியவில்லை. உருப்படியான கருத்து வரவேண்டுமானால் எப்படிக் கேட்பது, அடுத்தவர் படத்துக்கு அவர் மனம் நோகாமல் எதை எழுதுவது, இந்த இரண்டும்தான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். ஏபிஎஸ்-சி கேமரா (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய சென்சார் கொண்டது), 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸ் துளையின் அளவு; எண் குறைந்தால் துளை பெரிது), ஷட்டர் வேகம் 1/60 நொடி, ஐஎஸ்ஓ 200 (ஒளிக்கான உணர்திறன்), சுமார் ஒன்றரை மீட்டர் தூரம் என்று விவரமும் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் படத்தையே உதாரணமாக வைத்துப் பேசலாம்.

முதலில் ஒன்று. படத்தைப் பற்றி வரும் கருத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. 'விரல் அசைந்து மங்கியிருக்கு' என்பதை யார் வேண்டுமானாலும் ஃபைலைப் பெரிதாக்கிச் சரிபார்க்கலாம். அதில் வாதத்துக்கு இடமில்லை. 'என் கண் முகத்துக்குப் போகாமல் பின்னால் இருக்கும் நீலப் பிளாஸ்டிக் தாம்பாளத்துக்குப் போகுது' என்பது ஒரு பார்வையாளரின் அனுபவம். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. இன்னும் நான்கு பேர் அதையே சொன்னால் கனம் கூடும். 'உணர்ச்சி இல்லை', 'கதை சொல்லலை' என்பவை அதற்கும் அடுத்த தட்டு. சொல்பவரின் ரசனையும் உங்கள் நோக்கமும் அதில் கலந்துவிடுகின்றன. கருத்துச் சொல்பவரும் கேட்பவரும் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது. சரிபார்க்கக்கூடிய பிழையை 'அது என் ஸ்டைல்' என்று தள்ளிவிடுகிறோம். வெறும் ரசனை வேறுபாட்டைப் பிழை என்று நம்பி நல்ல படத்தை அழித்துவிடுகிறோம்.

'கிளாரிட்டி இல்ல' என்பது டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்ல' என்று மட்டும் சொல்வதைப் போன்றது. அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஏழு வெவ்வேறு கோளாறுகளை நம் ஆட்கள் அடைத்து வைத்திருக்கிறார்கள். படத்தை 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாப் பொருளும் ஒரே திசையில் இழுபட்டிருந்து, தூரத்துப் பல்பு புள்ளியாகத் தெரியாமல் குட்டிக் கோடாகத் தெரிந்தால் அது கை நடுக்கம், அதாவது ஷேக். கூடையும் ஸ்டூலும் கூர்மையாக இருந்து விரல்கள் மட்டும் கரைந்திருந்தால் அது ஆளின் அசைவு. கண் மங்கலாகவும் காதோ தோளோ பளிச்சென்றும் இருந்தால் ஃபோகஸ் இடம் மாறி விழுந்திருக்கிறது. தோல் மெழுகு பூசினாற்போல் வழவழவென்றிருந்தால் நாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை) குறைக்கிறேன் என்று போன் அல்லது சாஃப்ட்வேர் நுணுக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. விளக்குகளைச் சுற்றிப் பால் போன்ற படலம் இருந்தால் லென்ஸில் விரல் ரேகை. போனில் எடுப்பவர்களுக்கு மிக அதிகமாக வருவது இதுதான், பனியன் துணியால் துடைத்தாலே தீரும். தலைமுடியும் பூவும் கட்டம் கட்டமாகக் கூழாகியிருந்தால் அனுப்பும்போது ஃபைலைச் சுருக்கிய கம்ப்ரஷன். எல்லாம் கூர்மையாகவே இருந்தும் சப்பென்று இருந்தால் அது கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான வேறுபாட்டு விஷயம், கூர்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏழுக்கும் ஏழு வேறு மருந்துகள். எது என்று சொல்லாமல் 'கிளாரிட்டி இல்ல' என்றால் கேட்டவர் நேரே கடைக்குப் போய் விலை கூடிய லென்ஸ் வாங்குவார். கோளாறு அப்படியே இருக்கும்.

உங்கள் எண்களுக்கு வருவோம். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குறைந்தது ஒன்றின் கீழ் ஃபோகல் நீளம் (50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 நொடி) இருக்க வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. ஏபிஎஸ்-சி சென்சாருக்கு ஃபோகல் நீளத்தை ஒன்றரையால் பெருக்க வேண்டும்: 50 மி.மீ. லென்ஸுக்கு 1/75, கேமராவில் உள்ளதில் அருகிலானது 1/80. உங்கள் 1/60 அதற்குச் சற்றுக் கீழே. கை நிதானமானவருக்கு இது தேறிவிடும், லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இன்னும் எளிதாகத் தேறும். ஆனால் பூ கட்டும் விரல்களை ஸ்டெபிலைசேஷன் நிறுத்தாது. அது உங்கள் கையின் ஆட்டத்தை மட்டும்தான் ஈடுகட்டும். அந்த வேக விரல்களுக்கு 1/250 வேண்டும். இது ஒன்று. அடுத்தது, எஃப் 1.8-இல் ஒன்றரை மீட்டரில் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 முதல் 7 செ.மீ.தான். மூக்கு நுனியிலிருந்து காதுவரைகூட அது எட்டாது. கண்ணில் ஃபோகஸ் வைத்தால், மார்புக்கு முன்னே நீண்டிருக்கும் கைகளும் சரமும் மங்கியே தீரும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே லென்ஸில் ஒன்றரை மீட்டரிலிருந்து ஃப்ரேமுக்குள் விழும் பரப்பு, குறுக்குவாட்டில் பிடித்தால், சுமார் 70 செ.மீ. அகலம், 47 செ.மீ. உயரம். உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தலை உச்சியிலிருந்து மடியில் இருக்கும் கைவரை அந்த உயரத்தில் அடங்காது. விரல்கள் கீழ் விளிம்பில் வெட்டுப்பட்டிருப்பது அதனால்தான். 'கம்போசிஷன் வீக்' என்றவர் அநேகமாக இதைத்தான் பார்த்திருப்பார். அதைச் சொல்லத் தெரியவில்லை அல்லது பொறுமையில்லை. ஆக, தனித்தனியாகத் தெரியும் இரண்டு புகாருக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: ரொம்பக் கிட்ட நின்றுவிட்டீர்கள். இரண்டரை மீட்டருக்குப் பின்வாங்கியிருந்தால் பரப்பு 117-க்கு 78 செ.மீ. ஆகிவிடும். எஃப் 4 வைத்தால் கூர்மையின் ஆழம் 40 செ.மீ. வரை கிடைக்கும். இந்தத் தூரத்தில் அதில் ஏறக்குறைய பாதி ஃபோகஸ் புள்ளிக்கு முன்னும் பாதி பின்னும் விழும் என்பதால், ஃபோகஸைக் கண்ணில் வைக்காமல் கண்ணுக்கும் விரலுக்கும் இடைப்பட்ட தூரத்தில் வைக்க வேண்டும். இதற்கு ஒரு விலை உண்டு. எஃப் 1.8-லிருந்து 4-க்குப் போவதில் இரண்டேகால் ஸ்டாப்புக்கும் சற்று மேல், 1/60-லிருந்து 1/250-க்குப் போவதில் இன்னொரு இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் போனால் வெளிச்சம் பாதியாகும்). அதை ஐஎஸ்ஓவில் ஈடுகட்டினால் 200 என்பது 4000 ஆகும். புள்ளிகள் தெரியும். தெரியட்டும், நாய்ஸைப் பிறகு ஓரளவு குறைக்கலாம், அசைந்த விரலை எந்த சாஃப்ட்வேரிலும் நேர்மையாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஐஎஸ்ஓவைக் கண்டு பயந்து 200-இலேயே ஒட்டிக்கொண்டிருப்பது தொடங்குபவர்களுக்குப் பொதுவான பழக்கம். பெரும்பாலும் யாரோ 'நாய்ஸ் வருது' என்று ஒருமுறை சொன்ன விமர்சனத்தின் தழும்பு அது.

பயன்படும் விமர்சனம் எது என்பதற்கு என் அளவுகோலும் இங்கேதான் இருக்கிறது. எடுத்தவர் அடுத்த முறை தன் காலாலோ கையாலோ கேமராவின் டயலாலோ மாற்றக்கூடிய ஏதோ ஒன்றில் போய் முடிந்தால் அது பயன்படும். 'வீக்' என்பதில் முடிந்தால் பயன்படாது.

வெளிச்சத்தைப் பற்றி வரும் கருத்துகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். ஃப்ரேம் நிறைய மல்லிகைக் குவியலோ வெள்ளை வேட்டியோ இருந்தால் அது படத்தை இருட்டாக்கிவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +0.7 அல்லது +1 வைக்க வேண்டும். கருங்கல் சிலைக்கோ எருமைக்கோ நேர் எதிர். இதுவரை உறுதியான விஷயம். பூவின் வெள்ளையில் இதழ்களின் மடிப்புத் தெரிகிறதா, இல்லை வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டதா என்பதையும் ஹிஸ்டோகிராமின் (இருட்டு முதல் வெளிச்சம்வரை காட்டும் வரைபடத்தின்) வலது ஓரம் காட்டிக்கொடுக்கும். ஜேபெக்கில் அப்படிப் போன வெள்ளை திரும்பாது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் சிறிது மீட்கலாம், அளவு மீறினால் அதிலும் போனது போனதுதான். ஆனால் 'முகம் டார்க்கா இருக்கு, கொஞ்சம் ப்ரைட் பண்ணுங்க' என்று நம் குழுக்களில் ஓயாமல் வரும் கருத்தில் பாதிக்கு மேல் விமர்சனமே அல்ல. கறுப்பு நிறத் தோல் படத்திலும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். கேட்க வேண்டியது வேறு: நிழல் பக்கத்தில் சுருக்கமும் கண்ணின் பளபளப்பும் தெரிகின்றனவா? தெரிந்தால் எக்ஸ்போஷர் சரி. தெரியாமல் கருப்புத் திட்டாகிவிட்டிருந்தால் மட்டும் நிழலைத் தூக்கலாம். போனின் ப்யூட்டி மோடு வெளுக்கும் முகங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இயல்பான நிறம் பிழையாகத் தெரிகிறது. அந்தக் கண்ணுக்காக நீங்கள் படத்தைத் திருத்த வேண்டியதில்லை.

நிறத்தைப் பற்றிய கருத்துக்கு முன்னால் பார்க்கும் திரையைச் சந்தேகியுங்கள். சொல்பவர் இரவில் கண்ணுக்கு இதமான மஞ்சள் வடிகட்டியைப் போனில் போட்டுக்கொண்டு 'வார்மா இருக்கு' என்று சொல்லலாம். ஓஎல்இடி திரைகளில் 'விவிட்' அமைப்பு இருந்தால் சிவப்பும் பச்சையும் கூடுதலாகக் கொதிக்கும். நீங்கள் அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிற வரம்பில் ஏற்றுமதி செய்திருந்தால் பல ஆப்களில் நிறம் செத்துத் தெரியும். இணையத்துக்கு எப்போதும் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரம்பு. ட்யூப்லைட்டும் காலை வெளிச்சமும் கலந்த மார்க்கெட்டில் முகத்தின் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் நீலமாகவும் விழுவது வேறு வகை. அது உண்மையான கோளாறு. ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமனை) எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒன்று சரியாகி மற்றது கெடும். எடுக்கும்போதே ஆளையோ உங்களையோ ஒரு விளக்கின் ஆதிக்கத்துக்குள் நகர்த்துவதுதான் வழி.

இனிச் சந்தேகமான பகுதி. 'ரூல் ஆஃப் தேர்ட்ஸ் இல்லை' (ஃப்ரேமை மூன்று மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில் ஆள் இல்லை) என்பது கையில் கிரிட் கோடு வைத்திருக்கும் எவரும் சொல்லக்கூடிய விமர்சனம். அந்தப் பெயரில் ஒரு விதியை ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் செதுக்கோவியர் 1797-இல் எழுதினார். அவர் பேசியது இயற்கைக் காட்சி ஓவியத்தில் நிலம், வானம், ஒளி, இருள் ஆகியவற்றைப் பகிரும் விகிதத்தைப் பற்றி. கண் எப்படி இயங்குகிறது என்று சோதித்துக் கண்ட விதி அல்ல அது. நடுவில் ஆளை வைத்து எடுத்த அருமையான உருவப்படங்கள் ஏராளம். எனவே விதியின் பெயரைச் சொல்லாமல் ஃப்ரேமில் இருப்பதைச் சொல்ல வேண்டும்: 'தலைக்கு மேலே கால்வாசி இடம் சும்மா கிடக்கு, கீழே விரல் வெட்டுப்பட்டிருக்கு.' இதைக் கேட்டவர் கேமராவைச் சற்றுத் தாழ்த்துவார். விதியின் பெயரைக் கேட்டவர் ஆளை ஓரத்துக்குத் தள்ளுவார், விரல் அப்போதும் வெட்டுப்பட்டே இருக்கும்.

'இந்தக் கோடு கண்ணை உள்ளே இழுத்துட்டுப் போகுது' போன்ற பேச்சும் அப்படித்தான். ஆல்ஃபிரட் யார்பஸ் என்ற சோவியத் உளவியலாளர் 1960-களில் கண்ணசைவைப் பதிவுசெய்த ஆய்வுகளில் இரண்டு விஷயங்கள் தெளிவாக வந்தன. படத்தில் மனித முகம் இருந்தால் பார்வை திரும்பத் திரும்ப அங்கே போகிறது. அதே படத்தை அதே ஆளிடம் காட்டி வேறு கேள்வி கேட்டால் பார்வை போகும் பாதையே மாறிவிடுகிறது. ஆகவே 'எல்லாருடைய கண்ணும் இப்படித்தான் போகும்' என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. 'என் கண் இங்கே போச்சு' என்று சொன்னால் அது நேர்மையான சாட்சி. கிடைக்கும் இடத்தில் இந்தச் சாட்சியத்தை நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள்; அதிலிருந்து முடிவெடுக்கும் வேலை உங்களுடையது.

சந்தேகம் தீர எளிய சோதனைகள் சில உண்டு. படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் எது ஆள், எது பின்னணி என்று பிரிந்து தெரிந்தால் அமைப்பு நிற்கிறது. தலைகீழாகத் திருப்பினால் முகம் முகமாகத் தெரிவது குறைந்து, வெளிச்சத் திட்டுகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பது துலங்கும். கறுப்பு வெள்ளையாக்கினால் நிறத்தால் மட்டும் கண்ணைப் பறித்த பொருள் அடங்கிவிடும். உங்கள் பின்னணியில் இருக்கும் நீலத் தாம்பாளத்தை அப்படிச் சோதிக்கலாம். பிரிண்ட் இருந்தால், கறுப்பு அட்டையில் 'ட' வடிவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைத் திருப்பி எதிர்மூலையில் வைத்து நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். கிராப் எங்கே நிற்க வேண்டும் என்று திரையில் இழுத்துப் பார்ப்பதைவிட இதில் சீக்கிரம் பிடிபடும். கடைசியாக நான்கு விளிம்புகளையும் ஒரு சுற்று. ஓரத்தில் பாதி நுழைந்திருக்கும் யாரோ ஒருவரின் முழங்கை, தலையிலிருந்து முளைத்தது போல நிற்கும் கம்பம் எல்லாம் அங்கேதான் மாட்டும்.

அடுத்தவர் படத்துக்கு எழுதும்போது வரிசை முக்கியம். தலைப்பையும் அவர் எழுதியிருக்கும் விளக்கத்தையும் படிக்கும் முன் படத்தைப் பெரிய திரையில் அரை நிமிடமாவது பாருங்கள். முதலில் எதைப் பார்த்தீர்கள், பிறகு எதை, எங்கே தடுமாறினீர்கள் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் என்ன செய்ய நினைத்தார் என்று படியுங்கள் அல்லது கேளுங்கள். பூவை முக்கியமாக்க நினைத்தவரிடம் 'முகம் ஃபோகஸ் இல்லை' என்றால் வீண். அதன் பிறகு ஒரே ஒரு குறையை, மிஞ்சினால் இரண்டை எடுங்கள். பட்டியலில் எட்டு குறை இருந்தாலும் மூலகாரணம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். உங்கள் படத்தில் பார்த்தோமே, நின்ற தூரம் ஒன்றுதான். எழுதும்போது பார்த்தது, அதனால் உங்களுக்கு நேர்ந்தது, அநேகமாக எதனால், அடுத்த முறை எதை மாற்றலாம் என்று போங்கள். உதாரணமாக: 'முகத்தில் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்து சுருக்கமெல்லாம் அழகா வந்திருக்கு, நீங்க நின்ன பக்கம் சரி. விரல் கீழே வெட்டுப்பட்டதால அவங்க என்ன செய்றாங்கன்னு எனக்குப் புரிய ஒரு நொடி ஆச்சு. கிட்ட நின்னு எடுத்தீங்களோ? ஒரு மீட்டர் பின்னால போய் ஒண்ணு எடுத்துப் பாருங்க.' நான்கே வாக்கியம். ஆனால் 'வீக்' என்ற சொல் இங்கே தேவையே இல்லை.

அந்த முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். பாராட்டுக்கும் இதே சட்டம்தான். 'செம' என்றால் எது செம என்று தெரியாது. அடுத்த முறை அவர் அதைத் திரும்பச் செய்ய முடியாது. எந்த முடிவு பலித்தது என்று சொன்னால்தான் அது நிலைக்கும். 'என்ன கேமரா?' என்று கேட்பது பாராட்டும் ஆகாது, விமர்சனமும் ஆகாது. 'பாட்டி செம அழகு' என்பது பாட்டிக்குச் சேர வேண்டியது. 'நானா இருந்தா லோ ஆங்கிளில் எடுத்திருப்பேன்' என்பது உங்கள் படம், அவருடையதல்ல. அவர் படத்தை இறக்கி நீங்களே கிராப் பண்ணி, நிறம் மாற்றித் திருப்பிப் போடுவதை அனுமதி கேட்காமல் ஒருபோதும் செய்யாதீர்கள். கேட்டுச் செய்தால் பத்து வரியைவிட அது தெளிவாகப் புரியவைக்கும்.

மனம் நோகாமல் என்று கேட்டீர்கள். பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு என்று அடுக்கும் 'சாண்ட்விச்' முறையை நிறையப் பேர் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. நம்மவர்கள் 'ஆனா' என்ற சொல்லுக்காகவே காத்திருப்பார்கள். அது வந்ததும் முன்னால் சொன்ன பாராட்டெல்லாம் முகத்துதியாகிவிடும். இதைவிட உறுதியாகப் பிடித்துக்கொள்ள ஓர் ஆய்வு இருக்கிறது. 1996-இல் அவ்ராஹம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இருவர், கருத்துச் சொல்வதால் செயல்திறன் மாறுகிறதா என்று பார்த்த 600-க்கும் மேற்பட்ட ஆய்வு முடிவுகளைத் தொகுத்தார்கள். சராசரியாகப் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் இறங்கியிருந்தது. கவனம் செய்த வேலையிலிருந்து விலகிச் செய்த ஆளின்மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். புகைப்படத்தை வைத்துச் செய்த ஆய்வுகள் அல்ல அவை, அதனால் அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. இருந்தாலும் நடைமுறைக்கு இது போதும்: 'உங்களுக்கு ஃப்ரேமிங் சென்ஸ் இல்லை' என்பதும் 'நீங்க பிறவிக் கலைஞர்' என்பதும் ஒரே வகைத் தப்பு. இரண்டும் ஆளைப் பற்றியவை. விரலைப் பற்றிப் பேசுங்கள், ஓரத்தைப் பற்றிப் பேசுங்கள். ஆள் நோகமாட்டார் என்று உத்தரவாதம் கிடையாது, குறைவாக நோவார்.

நேரில் நான்கைந்து பேர் கூடிப் படம் பார்க்கும் வழக்கம் இருந்தால், நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த முறை நன்றாக வேலை செய்யும். முதலில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று மட்டும் சொல்வார்கள். அடுத்து எடுத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் நடுநிலையான கேள்விகள் கேட்பார்கள். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் 'பின்னணியைப் பற்றி எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லலாமா?' என்று அனுமதி கேட்டு. சறுக்குவது பெரும்பாலும் மூன்றாவது படியில். 'ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தீங்க?' என்பது கேள்வி வேடத்தில் வந்த தீர்ப்பு. 'வெளிச்சத்தை எப்படி முடிவு பண்ணீங்க?' என்பது கேள்வி. வாட்ஸ்அப் குழுவில் நான்கு படிகளையும் நடத்த முடியாது. முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டாலும் லாபமே.

கேட்கும் பக்கத்துக்கு வருகிறேன். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். கேள்வியிலேயே அந்தப் பதில் இருக்கிறது. பத்துப் படம் போடாமல் ஒன்று போடுங்கள். எதைக் காட்ட நினைத்தீர்கள் என்று ஒரு வரி, எங்கே சந்தேகம் என்று ஒரு வரி, லென்ஸ், தூரம், மற்ற எண்கள் ஒரு வரி. 'விரலின் வேகத்தைக் காட்ட நினைத்தேன். இந்த மங்கல் வேகமாகத் தெரியுதா, பிழையாகத் தெரியுதா?' என்று கேட்டால் 'செம' என்று பதில் சொல்ல வழியே இல்லை. கூட்டம் தள்ளியது, வெளிச்சம் இல்லை, கையில் பை இருந்தது போன்ற சமாதானங்களை முதலிலேயே எழுதாதீர்கள். படத்தைப் பார்ப்பவருக்கு அவை தெரியாது, தெரிந்துவிட்டால் பரிதாபப்பட்டுக் குறையை விழுங்கிவிடுவார்கள்.

அனுப்பும் முறையும் இதில் சேர்த்தி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவும் தரமும் சுருங்கும், கேமரா எண்கள் பதிந்திருக்கும் எக்ஸிஃப் விவரங்களும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்பினால் மூல ஃபைல் அப்படியே போகும். எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும் என்பதால், வீட்டில் எடுத்த படங்களிலும் குழந்தைகள் படங்களிலும் அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். யாரிடம் கேட்பது என்பதற்கு, அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். உங்களைவிட நன்றாக எடுக்க வேண்டும் என்பதில்லை, என்ன பார்த்தார் என்று சொல்லத் தெரிய வேண்டும். கேமரா பிடிக்காத ஒருவரும் பட்டியலில் இருக்கட்டும். தொழில்நுட்பம் தெரியாததால் அவர் 'இவங்க என்ன பண்றாங்க?' என்று நேரடியாகக் கேட்டுவிடுவார். அந்தக் கேள்வி வந்தால் விரல் வெட்டுப்பட்டது உறுதியாகிவிட்டது.

கருத்து வந்தவுடன் பதில் எழுதாதீர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் எதிராளி வாயை மூடிக்கொள்வார். 'எந்த இடத்தில்னு சொல்ல முடியுமா?' என்பது மட்டும் கேட்கலாம். 'கிளாரிட்டி இல்ல' என்றவரிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டியதும் இதுதான், இப்போதும் கேட்கலாம். ஒரு நாள் கழித்து வந்ததையெல்லாம் மேலே சொன்ன மூன்று தட்டுகளில் பிரியுங்கள். சரிபார்க்கக்கூடியதை ஃபைலைத் திறந்து சரிபாருங்கள். அனுபவமாகச் சொன்னதில், ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. ஒருவர் 'கிராப் பண்ணு' என்பார், இன்னொருவர் 'ப்ளர் பண்ணு', மூன்றாமவர் 'டார்க் பண்ணு' என்பார். மருந்துகள் முரண்படுவதைப் பார்த்து மூன்றையும் தள்ளிவிட வேண்டாம். மூவரும் தாம்பாளத்தையே காட்டுகிறார்கள், அதற்கு என்ன செய்வதென்று நீங்கள் முடிவெடுங்கள். ரசனைத் தட்டில் விழுந்ததைக் குறித்துவைத்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், இப்போது எதுவும் செய்ய வேண்டாம். வெறும் வன்மமாக வந்ததைக் குறித்துவைக்கவும் தேவையில்லை.

சலான் எனப்படும் புகைப்படக் கண்காட்சிப் போட்டிகளுக்கு அனுப்பலாமா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். அனுப்புங்கள், ஆனால் அதை விமர்சனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் சில நொடிகளே செலவிட்டு மதிப்பெண் போடுவார்கள். காரணம் பெரும்பாலும் வராது. பிரிவின் விதியும் குறுக்கே வரும். 1950-இல் தொடங்கிய ஃபியாப் (சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு) போன்ற அமைப்புகளின் இயற்கைப் பிரிவில் ஒரு கிளையை அழித்தாலே படம் தகுதி இழக்கும். அதே படம் பொதுப் பிரிவில் தேறலாம். நிராகரிப்பிலிருந்து படம் மோசம் என்று அறிய முடியாது, தேர்விலிருந்து படம் நல்லது என்றும் முழுதாக அறிய முடியாது.

இப்போது செய்யக்கூடியது: அதே மார்க்கெட், முடிந்தால் அதே நேரம். அந்த அம்மாவிடம் மறுபடி கேட்டுக்கொண்டு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் தூரத்தை மட்டும் இரண்டரை மீட்டராக்கி, மற்றதெல்லாம் பழையபடி சில படங்கள். பிறகு ஷட்டர் 1/250, அதற்கேற்ப ஐஎஸ்ஓ. பிறகு எஃப் 4. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. பழைய படத்தையும் புதியவற்றில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கைப்பகுதியை மட்டும் 100 சதவீத அளவில் தனியாக வெட்டி இணைத்து இங்கேயே போடுங்கள். நீங்கள் போட்டிருக்கும் சுருங்கிய பிரதியில் அந்த விரல் மங்கல் உங்கள் கை நடுக்கமா, அவருடைய வேகமா, ஃபோகஸ் எட்டாததா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மேலே நான் சொன்னது எண்களை வைத்துப் போட்ட கணக்குதான்.